எதுக்கு என்று கேட்கும் மரக்கடை

நெல்லைச் சீமையில் மரம் வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், ஆளாளுக்கு ஒரு திசையைக் காட்டுவார்கள். "செங்கோட்டைக்குப் போங்க, மலையாளத்துத் தடி நேரா அங்கதான் வருது" என்பார் ஒருவர். "அதெல்லாம் அந்தக் காலம். இப்ப சரக்கு பூரா தூத்துக்குடி ஹார்பர்லல்லா இறங்குது" என்பார் அடுத்தவர். மூன்றாவதாக ஒரு பெரியவர் இருப்பார், புது மரத்தையே நம்பாதவர். "எங்கயாவது பழைய வீடு இடிக்காவளான்னு பாரு. அந்த மரம் இனிமே கெடைக்காது" என்பார்.

மூன்று பேர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனாலும் ஊர் வீட்டுக்குக் கதவு, ஜன்னல், புறவாசலில் காய்கறிப் பந்தல், கோழிக்கூடு, உட்கார ஒரு பெஞ்சு என்று கொஞ்சம் கொஞ்சமாக மரவேலை செய்துகொண்டிருக்கும் என் கணக்கு வேறு. வண்டியில் அரை மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய தூரத்தில், நாம் விலை கேட்டதுமே "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்கிற ஒரு அண்ணாச்சி இருந்தால், திசையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அந்தத் திசைகளைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கடையில் நின்றாலும் சரக்கு எங்கிருந்து வந்தது என்பது பேச்சில் வந்தே தீரும்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து சாலையும், 1904-ல் கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து வந்த ரயில் பாதையும் அதற்கு வாய்த்தன. மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை, குளத்துப்புழை, கோன்னி என்று தேக்குத் தோட்டங்கள். வெட்டிய தடிகளை, அதாவது அறுக்காத முழு மரங்களை, வனத்துறை டிப்போவில் அடுக்கி நம்பர் போட்டு ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்த சரக்கு புளியரை சோதனைச் சாவடி தாண்டி வந்து செங்கோட்டை, தென்காசிப் பக்கத்துச் சாமில்களில் அறுபடும். தேக்கோடு அயினி, பலா, மருது எல்லாம் அந்த வழியில்தான் வரும். கதவுப் பலகைக்கு அயினி அருமையான மரம். தேக்கு மோகத்தில் நம் ஆட்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் கடையில் கேட்டுப் பாருங்கள், எல்லாத் தேக்கும் நிலம்பூர்த் தேக்காகத்தான் இருக்கும். நிலம்பூரில் 1840-களிலேயே தேக்கு நட ஆரம்பித்தார்கள், பேர் பெற்ற மரம், எல்லாம் சரிதான். அந்தப் பேரில் நம் பக்கம் விற்கிற அவ்வளவும் அங்கிருந்தே வரவேண்டுமானால் அந்தக் காடு இன்னும் பத்து மடங்காவது பெரிதாக இருக்க வேண்டும்.

தூத்துக்குடியில் இறங்குவது கானா, தான்சானியா, ஈக்வடார், பனாமா தேக்கு. கண்டெய்னரில் வரும். போலி என்று நினைக்க வேண்டாம், நம் தேக்கின் அதே இனம்தான். தோட்டத்தில் சீக்கிரம் வளர்த்து, இளசிலேயே வெட்டி அனுப்புவதால் தடி சிறுத்திருக்கும், சுற்றிலும் பட்டையை ஒட்டிய வெள்ளை மரம் அதிகம் இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது பெரிய வித்தியாசம். பர்மா தேக்கு என்று யாராவது உருட்டுத் தடியையே காட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். மியான்மர் 2014 ஏப்ரலோடு தடியாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது.

இடிக்கிற வீட்டு மரம் தனி ருசி. தார்சா, பட்டாசல் என்கிற கூடம், இரண்டாங்கட்டு என்று நீண்டுகிடந்த வீடுகளில் தூணும் உத்தரமும் தேக்கு, மேலே வரிசையாகப் பனங்கட்டை. அந்தப் பனங்கட்டை இன்று புதிதாகக் கிடைப்பது லேசில்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே சொல்லிவிட்டார்கள். பழைய மரக்கடையில் வாங்கும்போது ஆணி எல்லாம் பிடுங்கியாயிற்றா என்று பார்க்க வேண்டும். உள்ளே ஒரு துருப்பிடித்த ஆணி ஒளிந்திருந்தால் சாமில்காரர் வாள் போச்சு என்று நம்மிடம் சண்டைக்கு வருவார், நியாயமாகவே.

சரி, கடைக்கு வருவோம்.

நான் இப்போது போகிற கடையில் முதல் நாள் நடந்தது இது. "அண்ணாச்சி, தேக்கு கன அடி என்ன விலை?" என்றேன். அவர் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு, "எதுக்குன்னு சொல்லுங்க, பொறவு வெலையப் பேசுவோம்" என்றார். புறவாசல் கதவுக்கு என்றேன். "வெயிலு நேரா அடிக்குமா? மழச்சாரல் படுமா? மேல சன்ஷேடு இருக்கா?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "அப்பம் நெலைக்கு மட்டும் தேக்கோ வேங்கையோ போடுங்க. கதவுக்கு வேம்பு போதும். எங்கிட்ட வேம்பு இல்ல. நாளு பொறுத்தா அறுத்துத் தாரேன்" என்றார். தன்னிடம் இல்லாத, விலையும் குறைந்த மரத்தை ஒரு வியாபாரி சொன்னால் அந்தக் கடையை விடக்கூடாது.

கேட்காத கடைக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. கூட்டமாக இருக்கும், ஆள் இல்லாமல் இருக்கும். ஆனால் மரத்தில் நல்லது கெட்டது என்று தனியாக ஒன்றும் கிடையாது, எங்கே நிற்கப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரப்பர் மரம் மருந்தேற்றி வீட்டுக்குள் கட்டிலாகக் கிடந்தால் நன்றாகவே உழைக்கும். தோட்டத்தில் பெஞ்சாகப் போட்டால் ஒரு அடைமழைக்குத் தாங்காது. இதைச் சொல்லாமல் விற்கிறவரிடம் மரம் நன்றாக இருந்தும் என்ன பிரயோஜனம்?

அடுத்தது அளவு. நம் ஆட்கள் விலையில் பத்து ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேசுவார்கள், அளவை மட்டும் கடைக்காரர் சொன்னபடி எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். அறுத்த மரத்தின் கணக்கு ரொம்பச் சுலபம். அகலத்தையும் கனத்தையும் இஞ்சில் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. ஒரு கதவு நிலைக்கு ஏழடியில் இரண்டு கால், மேலும் கீழும் நாலடியில் இரண்டு என்றால் மொத்தம் 22 அடி. ஐந்துக்கு மூன்று இஞ்ச் சட்டத்தில் அது ஏறக்குறைய 2.3 கன அடி. நாலுக்கு மூன்று போட்டால் 1.8 சொச்சம். பெரிய கதவு இல்லாத இடத்தில் நாலுக்கு மூன்றே தாராளம், அந்த ஒரு இஞ்சில் மரம் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். இதைக் கடைக்காரர் தானாகச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

இன்னொன்று, ஐந்துக்கு மூன்று என்று சொல்லி வாங்குவது இழைத்து முடித்தால் நாலேமுக்காலுக்கு இரண்டேமுக்கால்தான் நிற்கும். அது ஏமாற்று இல்லை, இழைப்பில் போவது. ஏமாற்று எங்கே என்றால், அறுக்கும்போதே நாலேமுக்காலாக அறுத்து ஐந்தாக எழுதுவதில். டேப்பை நாம் பிடித்து அளந்தால் முகம் சுளிக்காத கடை நல்ல கடை. நீளத்தில் ஆறடி நாலு இஞ்சை ஆறரை என்று எழுதுவது பல கடைகளில் வழக்கம். ஏழு என்று எழுதினால் கேட்டுவிடுங்கள்.

தடியாக வாங்கினால் கணக்கு வேறு. சுற்றளவை இஞ்சில் எடுத்து நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீள அடியால் பெருக்கி, 144-ஆல் வகுப்பார்கள். நாலடிச் சுற்று, பத்தடி நீளத் தடி ஒன்று இந்தக் கணக்கில் சரியாகப் பத்து கன அடி. உருளைக் கணக்கு போட்டால் உண்மையில் அதில் இருப்பது 12.7 கன அடி. அந்த இரண்டே முக்காலை எனக்கு இலவசம் என்று துள்ள வேண்டாம். பட்டையும், பட்டையை ஒட்டி அறுபடும் புறப்பலகையும், மரத்தூளுமாக அதைவிட அதிகமே கழியும். தடி விலை குறைவு என்று எடுத்துப் போய் அறுப்புக்கூலியும் கொடுத்து, கையில் நிற்கும் பலகையை அளந்து பார்த்தால் லாபம் பெரும்பாலும் காணாது. வீட்டில் நின்ற மரம் என்றால் சங்கதி வேறு.

வெள்ளை, வைரம் என்கிற விவகாரத்தில்தான் பணம் போவதும் நிற்பதும். நடுவில் கறுத்து இறுகியது வைரம், பட்டையை ஒட்டி வெளுப்பாக இருப்பது வெள்ளை. தேக்கின் வைரத்தைக் கறையான் தொடாது என்பார்கள். லேசில் தொடாது என்பது சரி. தேக்கின் வெள்ளையோ மற்ற மரங்களைப் போலத்தான், அதில் உள்ள மாவுச்சத்துக்கு வண்டு வரும், பொடி கொட்டும். வெள்ளை கலந்த தேக்கை முழு வைரம் விலைக்குக் கொடுத்தால் அது தேக்கு விலையே இல்லை.

டவுணுக்கு வெளியே ஒரு கடையில் ரெடிமேட் நிலைகள் வரிசையாக நின்றன. எல்லாம் சிவப்பு பிரைமர் அடித்து, ஒரே நிறம். விலை கை கடிக்காத விலை. சுவர்ப் பக்கம் போகும் பின்முகத்தில் வண்டிச் சாவியால் லேசாகச் சுரண்டினேன். அடியில் மரத்தூளும் பசையும் குழைத்த பூச்சு உதிர்ந்தது, அதற்கும் அடியில் பால் மாதிரி வெள்ளை. கடைக்காரர், "அது செவத்துக்குள்ளல்லா போவுது, யாரு பாக்கா?" என்றார். சுவருக்குள் போகும் பக்கத்தில்தான் கறையான் ஏறும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. பிரைமர் அடித்த மரத்தை நான் வாங்குவதே இல்லை, விலை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும். பிரைமர் அடிக்காமல் நிற்கும் சட்டத்தில்கூட வெள்ளையை மறைக்கக் கலர் எண்ணெய் தடவியிருப்பார்கள். ஈரத்துணியோ தின்னர் தொட்ட துணியோ கொண்டு ஒரு இழுப்பு இழுத்தால் தெரிந்துவிடும்.

வேங்கைக்கு ஒரு பழைய சோதனை உண்டு. சீவல் கொஞ்சம் எடுத்து கண்ணாடி தம்ளர் தண்ணீரில் போட்டு வையுங்கள். தண்ணீர் தேன் நிறமாகும், வெயிலுக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் நீலம் மின்னும். முதல் தடவை பார்க்கும்போது யாருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும். ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து வரும் படாக் மரமும் அதே குடும்பம், அதுவும் நீலம் காட்டலாம். அதனால் இந்தச் சோதனை வேங்கைக் குடும்பமா என்று மட்டும் சொல்லும், நம் மலை வேங்கைதானா என்று சொல்லாது. அதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும், நாம் நம்பத்தான் வேண்டும். அதற்குத்தான் தெரிந்த கடை.

காய்ச்சல் அடுத்த விஷயம். மரம் காய்வதைத்தான் சொல்கிறேன். நம் பக்கத்துக்கே உரிய தொந்தரவு ஒன்று இதில் இருக்கிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல், செங்கோட்டை மரவாடியில் அடுக்கிய பலகை ஈரம் குடித்து நிற்கும். அதே நாட்களில் பாளையங்கோட்டையில் மழையே இருக்காது, மேல்காற்று மட்டும் தோலை உரிக்கிற மாதிரி அடிக்கும். அங்கிருந்து இங்கே அறுபது கிலோமீட்டர்ச் சொச்சம் கொண்டுவந்து மறுநாளே இழைத்துக் கதவு செய்தால், அடுத்த மாதம் பலகைக்கு நடுவே பேனா நுழையும். முனைகள் வெடிக்கும். தை, மாசிக்குப் பிறகு எடுத்த சரக்கில் இந்த வம்பு குறைவு. சித்திரையில் இறுக்கமாகச் செய்த கதவு ஐப்பசி அடைமழையில் நிலையைக் கடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆசாரி அதற்கு இடம் விட்டுத்தான் செய்வார்.

காய்ந்ததா என்று பார்க்க இப்போது கையடக்கமான ஈரமானி வந்துவிட்டது. கதவு, அலமாரிக்கு 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி, 18-ஐத் தாண்டினால் நான் வைத்துவிட்டு வந்துவிடுவேன். கருவி இல்லாவிட்டால் எடை. நன்றாகக் காய்ந்த தேக்கு ஒரு கன அடி பதினெட்டு பத்தொன்பது கிலோ இருக்கும். இருபத்தைந்து வந்தால் கூடுதலாக இருப்பது தண்ணீர். மரத்தின் விலைக்குத் தாமிரபரணியை வாங்கி என்ன செய்ய? வாடியில் பலகைகளை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ரீப்பர் என்கிற மெல்லிய கட்டை கொடுத்து, நிழலில், தரையில் படாமல் தூக்கி அடுக்கி, முனைகளில் பெயின்ட்டோ மெழுகோ பூசியிருந்தால் அந்த அண்ணாச்சிக்கு மரத்தின் மேல் அக்கறை உண்டு. பலகை சுவரில் சாய்ந்து வெயிலில் நின்றால் அது முறுக்கிக்கொள்ள நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வேம்பு விஷயத்தில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. வெட்டிய தடியைக் குளத்திலோ கிணற்றடித் தொட்டியிலோ மாதக் கணக்கில் ஊறப்போட்டு, அப்புறம் எடுத்து நிழலில் காயவைத்து அறுப்பார்கள். சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடுவதால் வண்டு அண்டாது. தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். அதைப் பற்றி நான் வாதம் பண்ணுவதில்லை, ஊறப்போடுவதை மட்டும் விடுவதில்லை.

தோட்ட வேலைக்கு வந்தால் கணக்கே மாறும். அங்கே எதிரி மண். பாகலுக்கும் புடலைக்கும் பந்தல் போடச் சவுக்குக் கம்பு மலிவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் மண்ணுக்குள் இரண்டு மழைக்காலம் தாண்டினால் அதுவே பெரிது. அடிமுனையைத் தீயில் கருக்கி நடுவார்கள், கொஞ்சம் கூட உழைக்கும். சிலர் கழிவு ஆயிலில் முக்கி எடுப்பார்கள்; காய்கறி தின்கிற இடத்தில் எனக்கு அதில் சம்மதமில்லை. நம் பக்கத்துக் கொடிப் பந்தல்களில் கல்தூண் நட்டிருப்பது சும்மா இல்லை. தூண் கல், மேலே குறுக்கே மரம் என்பதே இந்த மண்ணுக்குச் சரி. கல்லுக்கு வழியில்லையென்றால் மரக்காலைத் தரையில் புதைக்காமல் சிமெண்டில் இரும்பு லாடம் வைத்து அதன்மேல் நிறுத்தலாம். "குத்துக்காலுக்குக் கல்லு போட்டுருங்க, குறுக்குக்கு எங்கிட்ட வாங்க" என்று சொன்னதும் அதே அண்ணாச்சிதான். கோழிக்கூட்டுக்கு அவர் கொடுத்தது புறப்பலகை, விறகு விலையில். கோழிக்கு வைரம் எதற்கு?

பிளைவுட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை, மற்றதுக்கு 303. முத்திரை ஒவ்வொரு ஷீட்டிலும் இருக்கிறதா பாருங்கள், முதல் ஷீட்டில் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள்.

ஆசாரி கமிஷன் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது நேர்மை இல்லை. ஆசாரி கைகாட்டுகிற கடையில்தான் பாதிப் பேர் மரம் எடுக்கிறார்கள். அந்தக் கடை அவருக்கு ஏதோ ஒரு சதவீதம் தருவது ஊரறிந்த ரகசியம். இதை வைத்து ஆசாரியைத் திருடர் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. அரை நாள் வேலையை விட்டுவிட்டு நம்மோடு வந்து, ஒவ்வொரு சட்டத்தையும் கண்ணருகே தூக்கிப் பிடித்து வளைவு பார்த்து, கணு பார்த்து, தட்டிச் சத்தம் கேட்டுப் பொறுக்கித் தருகிறார். அதற்கு நாம் ஒரு டீயோடு முடித்துக்கொண்டால் கூலி வேறு வழியில்தான் வரும். நான் ஆசாரிக்கு அன்றைய நாள் கூலியைக் கையில் கொடுத்துவிட்டு, கடையில் "கமிஷன் கழிச்சு பில் போடுங்க அண்ணாச்சி" என்று அவர் முன்னாலேயே சொல்லிவிடுவேன். யாருக்கும் சங்கடமில்லை. பில் கட்டாயம் வாங்குவேன். மர வகை, அளவு, எண்ணிக்கை எல்லாம் எழுதிய பில். தேக்கை வண்டியில் ஏற்றி ஊர் தாண்டும்போது யாராவது நிறுத்தினால் கையில் அது இருக்க வேண்டும். மரம் கொண்டுபோக 1968-லிருந்தே தமிழ்நாட்டில் தனி விதிகள் இருக்கின்றன.

பக்கத்துக் கடையின் இன்னொரு அருமை திருப்பிக் கொடுப்பதில் தெரியும். ஜன்னல் சட்டத்துக்கு எடுத்ததில் ஒன்று வீட்டுக்கு வந்த பிறகு முறுக்கிக்கொண்டது. தூத்துக்குடியில் எடுத்திருந்தால் அடுப்புக்குத்தான் போயிருக்கும். இங்கே ஆசாரி அதை சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார், அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் வேறு சட்டம் எடுத்துக்கொடுத்து, முறுக்கியதை இரண்டாக அறுத்து ரீப்பருக்கு ஒதுக்கிவிட்டார்.

இப்போது பட்டாசலில் ஊஞ்சல் போட வேண்டும் என்று வீட்டில் ஒரே பேச்சு. ஒரே பலகையில் பதினெட்டு இஞ்ச் அகலம், முழுக்க வைரமாக, நடுக்குருத்து இல்லாமல் வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அதற்குத் தடி ஆறடிச் சுற்றுக்கு மேல் இருக்க வேண்டும், தோட்டத் தேக்கில் அதைத் தேடாதீர்கள் என்றார். பழைய வீட்டு ஊஞ்சல் பலகை ஏதாவது கிடைக்குமா என்று அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் விசாரித்தோம். இருந்தது, விலை கேட்டு டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம். ஒன்பது இஞ்சில் இரண்டு பலகை சேர்த்து ஒட்டிப் போடுவது என்று முடிவு. ஒரே தடியில் அடுத்தடுத்து அறுத்த பலகைகளாக இருந்தால் ரேகை ஒத்துப்போகும் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே எடுத்து, என் பேரைச் சாக்பீஸில் எழுதி ஓரமாக அடுக்கி வைத்திருக்கிறார் அண்ணாச்சி. போன வாரம் ஈரமானி 16 காட்டியது.